ரைசர் மாட்டும் முன் ஹோஸை அளந்து பாருங்கள்: கேள்வி பதில்

பைக்கின் ஹேண்டில்பாரை உயர்த்த அதன் அடியில் மாட்டும் ரைசர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பெரும்பாலோர் கேட்பது உயரத்தைப் பற்றி. எனக்குக் கவலை தருவது அந்த உயரத்தோடு சேர்ந்து இழுபடும் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாய். ஆகவே பல பதில்கள் அந்தப் பக்கமே போய்ச் சேரும்.

அண்ணா, நான் 6 அடி 1 அங்குலம். ஒரு மணி நேரம் ஓட்டினாலே மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. எத்தனை மில்லிமீட்டர் ரைசர் வாங்கலாம்?

தம்பி, முதலில் செலவில்லாத வேலையைச் செய்து பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து முன்கையை நீட்டி, விரல்களை லீவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் லீவர் கிளாம்பைத் தளர்த்திச் சற்றே சுற்றிச் சரிசெய்யுங்கள். மணிக்கட்டு வலி பலருக்கு இதிலேயே குறைந்துவிடும்.

தோள் வலி அப்படியே இருந்தால், கண்ணை மூடி இயல்பாகக் கையை முன்னால் நீட்டுங்கள். கை நிற்கும் இடத்துக்கும் கைப்பிடிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை நண்பர் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். 20, 30 மி.மீ. வந்தால் ஹோஸ் பாதையை மாற்றியே சமாளிக்க வாய்ப்பு அதிகம். 50 மி.மீ. என்றால் ரைசரோடு புது ஹோஸும் வாங்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பாரின் தடிமனையும் பாருங்கள்: 22.2 மி.மீ., 25.4 மி.மீ., 28.6 மி.மீ. என மூன்று அளவுகள் புழக்கத்தில் உள்ளன.

30 மி.மீ. ரைசர்தான் போட்டேன். ஆனால் பார் பின்னாலும் நகர்ந்த மாதிரி இருக்கிறதே, சார்?

நகர்ந்துதான் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் ரைசர் உயர்வது செங்குத்தாக அல்ல, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோட்டில். அந்தச் சாய்வு 25 டிகிரி என்றால், 30 மி.மீ. ரைசர் பாரை 27 மி.மீ. மேலேயும் கிட்டத்தட்ட 13 மி.மீ. பின்னாலும் கொண்டு வரும். இருபுறமும் முழுதாகத் திருப்பி, கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்காமல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டிய பிறகு ஹோஸ் நீளம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சைடு ஸ்டாண்டில் நிறுத்தித் திருப்பிப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். சைடு ஸ்டாண்டில் பார்த்தது போதாது.

என் வண்டியில் 35 மி.மீ. ரைசர் போட்டபோது நானும் அப்படித்தான் பார்த்தேன். ஹோஸ் தளர்வாகவே தொங்கியது. சில நாள் கழித்து டயர் வேலைக்காக முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். பாரை எதேச்சையாக இடப்பக்கம் திருப்பினால், ஹோஸ் வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. பேன்ஜோ கண்ணுக்கு (ஹோஸ் முனையில் போல்ட் நுழையும் வளையம்) அடுத்த இடத்தில் ரப்பர் இழுபட்டு, மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தன. அதே வண்டியில்தான் அந்த வாரம் முழுக்க ஓட்டியிருக்கிறேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது.

காரணம் எளிது. தரையில் நிற்கும்போது வண்டியின் எடையால் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கியே இருக்கும். மேட்டில் ஏறிச் சக்கரம் தொங்கும் நொடியில் அது முழுதாக நீளும். ஹோஸுக்கு அதிக நீளம் தேவைப்படுவது அந்த நொடியில்தான்.

பல வண்டிகளில் ஹோஸை ஃபோர்க்கின் இரு கால்களையும் பிணைக்கும் கீழ் டி-யில் ஒரு கிளிப் பிடித்திருக்கும். கிளிப்புக்கு மேலே உள்ள பகுதி பார் திரும்புவதற்கு வளைந்துகொடுக்கிறது. கீழே உள்ள பகுதி ஃபோர்க் ஏறி இறங்குவதற்கு வளைந்துகொடுக்கிறது. ரைசர் மேல் பகுதியின் தளர்வைத் தின்றுவிடும். உடனே பலரும் கிளிப்பைத் தளர்த்திக் கீழிருந்து கொஞ்சம் மேலே இழுத்துவிடுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த நீளம் ஃபோர்க்குடையது.

ஆகவே இஞ்சினுக்கு அடியில் உறுதியான தாங்கல் கொடுத்து முன்சக்கரத்தை முழுதாகத் தொங்க விடுங்கள். இடது கடைசி வரை, வலது கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு கடைசியிலும் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கு இளகிக் கொடுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைத் தரையில் வைத்து, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பாரை அமுக்குங்கள். வளைந்த ஹோஸ் டயரையோ மட்கார்டையோ தொடக் கூடாது.

பாதையை மாற்றுவது என்றால் எதை மாற்றுவது?

முனைகளைக் கழற்றாமல் செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள். ஹெட்லைட்டுக்கு முன்னால் சுற்றி வரும் ஹோஸையோ கேபிளையோ பின்னால் நேராக விட்டால் சில சென்டிமீட்டர் மிச்சமாகும். லீவரோடு இருக்கும், பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் பேன்ஜோவின் கோணத்தைத் திருப்புவதும் உதவும். ஆனால் அதற்குப் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினாலே புது வாஷர் போட்டு, ஹோஸுக்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

புதுப் பாதை சைலன்சர் குழாயையோ ரேடியேட்டரையோ ஒட்டிப் போகக் கூடாது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளவும் கூடாது: அதன் மேல் அச்சிட்ட எழுத்து வரிசை நூல் சுற்றியது போலச் சுழன்று போனால், முறுக்கி மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டை போட்டுக் கட்டினால் ஹோஸ் அதற்குள் நழுவும் அளவுக்கு விடுங்கள்.

ப்ரோ, என் வண்டி ஏபிஎஸ். கை வைக்கலாமா?

வைக்கலாம், எது எந்த ஹோஸ் என்று தெரிந்துகொண்டு. ஏபிஎஸ் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் யூனிட்டுக்கு ஒரு ஹோஸ் போகும், அங்கிருந்து சக்கரத்தின் டிஸ்கைப் பிடிக்கும் கேலிப்பருக்கு இன்னொன்று வரும். ரைசரால் பாதிக்கப்படுவது முதலாவது மட்டுமே. அதை மாற்றும்போது யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் சாதாரண முறையில் முழுதாக வெளியேறாமல் போகலாம். சில வண்டிகளில் ஸ்கேனரை மாட்டி யூனிட்டின் பம்பை ஓட வைத்தால்தான் காற்று வரும். அந்த வசதி உள்ள பட்டறையை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். சக்கர சென்சார் வயருக்கும் ஹோஸுக்குச் சொன்ன அதே சோதனை உண்டு.

புது ஹோஸின் நீளத்தை எப்படிச் சொல்லி வாங்குவது? ஸ்டீல் பிரெய்டட் நல்லதா?

நீளாத கயிறு ஒன்றை எடுத்து, சக்கரம் தொங்கிய நிலையில், அதிக நீளம் கேட்கும் பக்கம் பாரைத் திருப்பி, ஹோஸ் போகப்போகும் பாதையிலேயே அதை ஓட்டுங்கள். அளக்க வேண்டியது ஒரு பேன்ஜோ கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடு வரை. கொஞ்சம் தளர்வு சேர்த்துக்கொள்ளுங்கள். இரு கண்களின் கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் சரியாக இருந்து கோணம் தப்பினால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும்.

பேன்ஜோ போல்ட்டில் கவனம் வேண்டும். 10 மி.மீ. போல்ட் 1.0 மி.மீ., 1.25 மி.மீ. என்று இரண்டு மரை இடைவெளியில் வருகிறது. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று ஏறி, பிறகு மாஸ்டர் சிலிண்டரின் அலுமினிய மரையைச் சிதைத்துவிடும். கையாலேயே கடைசி வரை சுழன்று இறங்க வேண்டும். பேன்ஜோ கண்ணுக்கு இருபுறமும் ஒவ்வொரு புது வாஷர். பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

பிரெய்டட் ஹோஸ் அழுத்தத்தில் உப்பாது, லீவர் உறுதியாக இருக்கும். ஆனால் அதன் கம்பி வலை அரம் மாதிரி, உரசும் பெயின்ட்டை அறுத்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாக வாங்குங்கள்.

பழைய ஹோஸோடு ஜாயிண்ட் போட்டு நீட்டிக்கலாமா?

அதற்கென்றே செய்த இணைப்புகள் கிடைக்கின்றன. நான் போடுவதில்லை. ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய இன்னோர் இடம். ஒரே துண்டாகப் புது ஹோஸ் வாங்குங்கள்.

புது ஹோஸ் மாட்டியதிலிருந்து லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, அண்ணே. மூன்று முறை காற்று எடுத்துவிட்டேன்.

காற்று மேலே ஏறும், நாமோ கீழே துரத்துகிறோம். பெரும்பாலும் அது மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்து பேன்ஜோவில் ஒளிந்திருக்கும். டேங்க்கைத் துணியால் மூடிவிட்டு, மாஸ்டர் சிலிண்டர் சற்று உயர்ந்து நிற்கும்படி பாரைத் திருப்புங்கள். ஹோஸைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே லீவரை மெல்ல மெல்ல, கால்வாசி மட்டும் அமுக்கி விடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவுக்குள் சிறு குமிழிகள் வரும். அவை நிற்கும் வரை பொறுமையாகச் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளிலிருந்து சிரிஞ்சால் ஆயிலை மேல்நோக்கி ஏற்றுங்கள். சுத்தமான புது ஆயிலாக இருக்கட்டும், மேலே டப்பா நிரம்பி வழியாமல் உறிஞ்சிக்கொண்டே இருங்கள். ஏபிஎஸ் வண்டியில் இந்தச் சிரிஞ்ச் முறை வேண்டாம்.

பிரேக் ஆயில், அந்த டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் ரகமாகவே இருக்கட்டும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். திறந்து நாளான ஆயில் பாட்டிலைத் தொடாதீர்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.

இடது பக்கம் முழுதாகத் திருப்பினால் இஞ்சின் வேகம் தானாக ஏறுகிறது.

ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். திரும்பும் நடுவில் வண்டி தானாகப் பாயும்.

ரைசரோடு வந்த போல்ட்டுகளை நம்பலாமா?

தலையில் 8.8 அல்லது 10.9 என்று தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத போல்ட் எனக்கு வேண்டாம். அலுமினியத்துக்குள் மரை, போல்ட் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும், 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துப் பாகம் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து, நூறு கிலோமீட்டர் ஓடியதும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதே பேன்ஜோ வாஷரின் விளிம்பை வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். காகிதம் உலர்ந்தே வர வேண்டும்.