துருப்பிடித்த பைக் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே சுத்தம் செய்து கோட்டிங் போட முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது பல வருடம் ஓட்டாமல் வீட்டில் நின்றுவிட்ட யமஹா ஆர்எக்ஸ் 100. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே முழுக்கச் செங்கல் நிறம். கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றிக் கழுவினாலும் மறுபடி அடைத்துக்கொள்கிறது. கடையில், ஆசிட் ஊற்றிக் கழுவி, உள்பக்கம் முழுக்கப் பூச்சாகக் கோட்டிங் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். இதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்பது கேள்வி.

முடியும். துரு எடுப்பதை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். கோட்டிங் வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் துரு எடுத்த பிறகு முடிவு செய்யுங்கள். ஓட்டை இல்லாத டேங்குக்குக் கோட்டிங் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. நான் இருப்பது கடலூர் பக்கம். உப்புக்காற்றில் நின்ற வண்டிகளின் டேங்குகளை எனக்காகவும் தெரிந்தவர்களுக்காகவும் இப்படித்தான் மீட்டு வருகிறேன்.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலியாக்கிய டேங்க்தான் அதிக ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஊற்றிக் காலி செய்த டேங்குக்குள் அந்த அளவு எளிதாகச் சேர்ந்துவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, தள்ளி எரிகிற அடுப்பு வரைக்கும்கூடப் போகும். ஆகவே சமையலறை, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் இருக்கிற மூலை எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. மொட்டை மாடியோ திறந்த வாசலோ போதும். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுத்தால், அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரை ஊற்றி, குலுக்கி, கொட்டி, பெட்ரோல் வாடை போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இந்தக் கழுவல் பாதுகாப்புக்கு மட்டும் இல்லை. பெட்ரோல் காய்ந்து உள்ளே பிசினாகப் படிந்திருந்தால் அதற்கு அடியில் இருக்கிற துருவை எந்த அமிலமும் தொடாது.

டேங்கைக் கழற்றியதும் மூடியையும் அடியில் இருக்கிற பெட்ரோல் காக்கையும் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) எடுத்துவிட வேண்டும். காக் வார்ப்பு உலோகம், அமிலம் பட்டால் அரித்துவிடும். காக்கை எடுத்ததும் அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயையும் வலையையும் பாருங்கள். துருத் தூள் அடியில் படிந்திருக்கும். வண்டி மெயினில் நன்றாக ஓடி, ரிசர்வுக்குத் திருப்பியதும் இழுத்து இழுத்து நிற்கிறது என்றால் காரணம் இதுதான். ரிசர்வ் வழி டேங்கின் அடிமட்டத்திலிருந்து உறிஞ்சுகிறது. காக் இருந்த ஓட்டையை அடைக்க ரப்பர் ஷீட்டை அளவாக வெட்டி, ஒரு தகட்டை மேலே வைத்து, காக் போல்ட்டுகளாலேயே இறுக்கிவிடலாம். வெளிப் பெயின்ட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வாய்ப்பகுதியைச் சுற்றி வாஸ்லின் தடவி, பிளாஸ்டிக் பேப்பரை இறுக்கிச் சுற்றுங்கள். அமிலம் வழிந்த தடம் பெயின்ட்டில் விழுந்தால் பாலிஷ் போட்டாலும் போகாது.

உதிரும் நிலையில் உள்ள துருவை முதலில் கையாலேயே இறக்க வேண்டும். பழைய சைக்கிள் செயினை இதற்கு வைத்திருக்கிறேன். ஒரு முனையில் கம்பி கட்டி உள்ளே விட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் ஊற்றி, டேங்கை எல்லாப் பக்கமும் புரட்டிக் குலுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் குலுக்காதீர்கள், தண்ணீர் இருந்தால் பொறி பறக்காது. நட்டு, போல்ட், ஜல்லி போடுகிறவர்களும் உண்டு. போடுவதென்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். ஃபிரேமின் மேல் உட்கார வசதியாக டேங்கின் நடுவில் ஒரு மேடு இருக்கிறதல்லவா, அதன் இருபுறமும் உள்ள பள்ளத்தில் ஒரு நட்டு ஒளிந்துகொண்டால் அதை வெளியே கொண்டுவர அரை நாள் போகும்.

அமிலம் என்றதும் பலர் கழிவறை ஆசிட்டைத்தான் நினைக்கிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை மளமளவென்று கரைக்கும், உண்மைதான். ஆனால் துரு தீர்ந்ததும் நிற்காது, இரும்பையும் தின்னும். டேங்கின் தகடே மெல்லியது. அதோடு அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. குளோரைடு உப்பு தகடுகள் சேரும் தையல் இடுக்குகளில் தங்கிவிட்டால், கழுவி வைத்த மறுநாளே டேங்க் மறுபடி சிவந்து நிற்கும். கடைகளில் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிற வேலையில் பெரும்பாலும் இந்த ஆசிட்தான் போகிறது என்பதால் சொல்கிறேன்.

நான் பயன்படுத்துவது சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் சின்னப் பாக்கெட்டில் கிடைக்கும். கிலோ கணக்கில் வேண்டும் என்றால் கெமிக்கல் கடைக்குப் போக வேண்டும். லிட்டருக்கு 80 முதல் 100 கிராம் கணக்கு, இந்த வண்டியின் டேங்குக்கு ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கை பொறுக்கிற சூட்டில் உள்ள தண்ணீரில் கரைத்து ஊற்றினால் வேலை வேகமாக நடக்கும். சிட்ரேட் இரும்பைப் பிடித்துக்கொண்டு கரைசலிலேயே வைத்திருக்கும். அதனால் கரைந்த துரு திரும்பப் படியாது. நல்ல இரும்பையும் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. நீங்கள் எட்டிப் பார்த்து நிறுத்த நேரம் கிடைக்கும்.

ஊற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. வாய் வரைக்கும் நிரம்பிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். டேங்கை முன்னும் பின்னும் சாய்த்தால் மேல்தகட்டுக்கு அடியில் சிக்கிய காற்று குமிழியாக வெளியே வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் அதிகத் துரு ஏறியிருப்பதே இந்த மேல்தகட்டில்தான். பெட்ரோல் இருந்த உயரத்துக்குக் கீழே தகடு ஓரளவு தப்பித்திருக்கும், மேலே ஈரக்காற்று பட்ட இடம் சொரசொரவென்று இருக்கும். அந்தக் கோடே பல டேங்குகளில் கண்ணுக்குத் தெரியும்.

மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். சில மணி நேரத்தில் கரைசல் மஞ்சளாகி, பிறகு பச்சை கலந்த கறுப்பாகும். இடையிடையே கொஞ்சம் கொட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான துரு என்றால் ஓர் இரவு போதும். மோசமானது ஒரு முழு நாள் கேட்கும், சில சமயம் பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக இன்னொரு முறை ஊற்ற வேண்டியிருக்கும். தகடு மங்கலான சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பளபளப்பு வர வேண்டும் என்று இன்னும் ஒரு நாள் ஊறவைப்பது தகட்டைத் தேய்ப்பதற்குச் சமம்.

வினிகரிலும் இதே வேலை நடக்கும், நாள் அதிகமாகும். சலவை சோடாக் கரைசலில் பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் துரு எடுப்பதும் நல்ல முறைதான். டேங்குக்கு மைனஸ், உள்ளே தொங்கும் இரும்புக் கம்பிக்குப் பிளஸ், கம்பி டேங்கின் மேல் எங்கும் படக்கூடாது. அந்தக் கம்பி எவர்சில்வராக இருக்கக்கூடாது, அதிலிருந்து நச்சுள்ள குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மின் இணைப்பில் பழக்கம் இல்லாதவர்களுக்கு எலுமிச்சை உப்பே போதும்.

இந்த வேலையில் தவறவே கூடாத இடம் அடுத்து வருகிறது. அமிலத்தைக் கொட்டியதும் தண்ணீரால் அலசி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரைத்துக்கொண்டு வரும். நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். இந்த நேரத்தில் தகடு துணி இல்லாத உடம்பு, பாதுகாப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. ஈரத்தோடு விட்டால் நம் கண் முன்னாலேயே ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கும். அதனால் அலசும் முன்பே உலர்த்துவதற்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் வடித்து, வாயையும் காக் ஓட்டையையும் திறந்து வைத்து, ஒரு பக்கத்திலிருந்து ஹேர் டிரையரோ புளோயரோ காற்று அடித்தால் மறுபக்கம் ஈரம் வெளியேறும். பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். ஈரத்தை இழுக்க ஸ்பிரிட் ஊற்றி அலசுகிறவர்கள், அது முழுக்க ஆவியாகும்வரை எந்த மின்சாதனத்தையும் பக்கத்தில் கொண்டுவரக்கூடாது. கத்திரி வெயிலில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்கைத் திறந்து உட்காராதீர்கள்.

உலர்ந்ததும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடித்தட்டின் மூலைகள், இரண்டு தகடு சேரும் விளிம்பு, காக்கைச் சுற்றிய இடம் ஆகியவற்றை மழுங்கிய ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாக்பீஸைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, வெளியே அடிப்பகுதியில் தடவிக் காயவிடுங்கள். உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி வைத்தால், தண்ணீர் கசியாத ஊசி ஓட்டையிலும் அது ஊர்ந்து வந்துவிடும். வெள்ளைப் பூச்சில் எந்த இடத்தில் கறை விழுகிறதோ அதுதான் ஓட்டை. ஓட்டை உள்ள டேங்கை நேராக வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் தையலுக்குள் ஆவி ஒளிந்திருக்கும். டேங்கை முறைப்படி தயார் செய்து பற்றவைக்கத் தெரிந்த ஆள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது.

கறை எங்கும் விழவில்லையா? கோட்டிங்கை மறந்துவிடுங்கள். டீசலை வடித்து, பெட்ரோலால் ஒருமுறை அலசி, டேங்கைப் பூட்டி, முழுக்க பெட்ரோல் நிரப்பி ஓட்டத் தொடங்குங்கள். உடனே பூட்டப்போவதில்லை என்றால் கொஞ்சம் 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான இன்ஜின் ஆயில்) உள்ளே ஊற்றிப் புரட்டி வையுங்கள்.

கோட்டிங்குக்கு நான் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், அது பிடித்துக்கொள்வது தகட்டைத்தான் என்று நாம் நினைக்கிறோம். துரு மிச்சம் இருந்தால் அது துருவைத்தான் பிடிக்கும், துரு உதிரும்போது சேர்ந்து உதிரும். நண்பர் ஒருவர் வாங்கிய பழைய புல்லட்டில் யாரோ ஒரு கடையில் துருவின் மேலேயே கோட்டிங் போட்டிருந்தார்கள். வாய் வழியாக டார்ச் அடித்தபோது அடியில் அது பாலாடை போலச் சுருங்கி மிதந்தது. இடுக்கியால் இழுத்தால் கையகலத் துண்டுகளாக வந்தது, ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புத் தூள். துருவை ஒரு நாளில் எடுத்துவிடலாம். உரிந்த கோட்டிங்கை எடுக்கப் பெயின்ட் ரிமூவர், அசிட்டோன் என்று நாள் கணக்கில் போராட வேண்டியிருந்தது.

ஊசி ஓட்டைகள் இருந்து, தகடு மற்றபடி கெட்டியாக இருந்தால் மட்டும் கோட்டிங் போடலாம். பெட்ரோல் டேங்குக்கென்றே விற்கிற, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் என்று எழுதியிருக்கிற எபாக்ஸி வகையை வாங்குங்கள். ஃபைபர் வேலைக்கு வரும் பாலியெஸ்டர் ரெசின் எத்தனாலில் இளகிப் பிசுபிசுத்துவிடும். நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் இ20 விற்பனைக்கு வந்தது, இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்ததுதான். ஊற்றும் முன் பாஸ்பாரிக் அமிலம் உள்ள மெட்டல் பிரெப் போட்டு உலர்த்தினால் பிடிப்பு நன்றாக இருக்கும். காக் போல்ட்டு மரைகளில் வாஸ்லின் தடவி, வாய்ப்பகுதியில் தண்ணீர் வடியும் சின்னக் குழாய் இருந்தால் அதில் ஒரு கம்பியைச் செருகி வையுங்கள், இல்லையென்றால் கோட்டிங் அதையும் அடைத்துவிடும். டேங்கை மெதுவாக எல்லாப் பக்கமும் உருட்டிப் பூசி, மிச்சத்தை முழுக்க வடித்துவிட வேண்டும். அடியில் குட்டையாகத் தேங்கினால் அது உள்ளே சரியாகக் காயாது, பிறகு வெடித்து உரியும். பாக்கெட்டில் எத்தனை நாள் காயவிடச் சொல்கிறதோ அதற்குக் குறையாமல் விடுங்கள், ஈரப்பதம் அதிகமான ஊரில் இன்னும் ஓரிரு நாள் கூட்டியே வையுங்கள். எம்-சீலை வெளியே அப்புவது வீடு வந்து சேரும்வரைக்கான வைத்தியம், அதை நம்பி வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த டேங்க் இன்னும் உங்களிடம் இருந்தால் அதைக் காப்பாற்றுவது செலவழிக்கத் தகுந்த வேலை. ராஜ்தூத் மாதிரி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றிய வண்டிகளில் ஓர் எண்ணெய்ப் படலமாவது தகட்டைக் காத்தது. ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க், பெட்ரோல் டேங்குக்கு அந்தக் காவல் கிடையாது. எத்தனால் வேறு ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு பிரிந்து அடியில் போய்த் தங்கும். ஆகவே வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றுக்கும் இடம் குறையும்.

மூடியின் ரப்பர் வாஷரை இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கும், காய்ந்து வெடித்த வாஷர் வழியாக உள்ளே இறங்கும். டேங்க் துருப்பிடிக்கத் தொடங்குவதே பல வண்டிகளில் இங்கேதான். வாட்டர் வாஷில் கன்னை மூடிக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். காக்குக்குப் புது ஓ-ரிங், கார்புரேட்டருக்குப் போகும் டியூபில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் பெட்ரோலுக்கானது என்று கேட்டு வாங்குங்கள், வேறு வகை போட்டால் பெட்ரோல் போதாமல் வண்டி மூச்சுத் திணறும். முதல் சில வாரம் அந்த ஃபில்டரில் கொஞ்சம் தூள் சேரும், கழுவிப் போடுங்கள். மாதம் ஆகியும் சேர்ந்துகொண்டே இருந்தால் எங்கோ ஓரத்தில் துரு மிச்சம் இருக்கிறது, எலுமிச்சை உப்பை இன்னொரு முறை ஊற்றுங்கள்.