மூக்கை இரவல் கேட்ட பெரியம்மா

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டெபோரா கோரி-ஸ்லெக்டா என்ற ஆய்வாளரின் குழு, பாராகுவாட்டைச் சுவாசித்தால் வாசனை தெரியாமல் போகும் என்று நிரூபித்ததாகப் படித்தேன். என் பாட்டி தோட்டத்தில் பல வருடம் பூச்சிக்கொல்லி அடித்தவர். அவருக்கும் வாசனை தெரியாது. இதைச் சிறுகதையாக எழுதுகிறேன். அறிவியலை எவ்வளவு சேர்க்கலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து செத்துப்போன என் பெரியம்மா வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் உடனே பதில்.

முதலில் திட்டிவிடுகிறேன். பாராகுவாட் பூச்சிக்கொல்லி இல்லை, களைக்கொல்லி. ரப்பருக்கும் செம்பனைக்கும் அடியில் புல்லைக் கருக்க அடிப்பது. அப்புறம், 'நிரூபித்தார்கள்' என்கிறீர்கள். 2021-இல் வந்த அந்த ஆய்வு சுண்டெலிகளை வைத்துச் செய்தது. கொஞ்சமே கொஞ்சம் பாராகுவாட்டைச் சுவாசிக்க விட்டார்கள், அது மூளை வரைக்கும் போயிருந்தது, நிறுத்தி மாதக்கணக்கான பிறகும் ஆண் எலிகளுக்கு வாசனை சரியாகத் தெரியவில்லை. ஆண் எலிகளுக்கு! பெண் எலிகளிடம் அந்தக் குறை தெரியவில்லை. உங்கள் பாட்டி பெண் இல்லையா தங்கச்சி? தோட்டங்களில் தெளிக்கும் பம்பைத் தூக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் இல்லையா? கதைக்கு இடைஞ்சல் என்று ஆய்வைப் பாதியில் வெட்டக்கூடாது. வயதானாலும் வாசனை குறையும், ஒரு காய்ச்சலில் போனது திரும்பாமலும் இருக்கும்.

ஆனால் மூக்கின் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். முகரும் நரம்பின் ஒரு நுனி மூக்கின் சளிப்படலத்தில் காற்று படுகிற இடத்தில் இருக்கிறது, மறு நுனி நேரே மூளைக்குள். நடுவில் பெரிய காவல் இல்லை. பார்க்கின்சன் நோயில்கூட கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே வாசனை குறைவது உண்டு.

பெரியம்மா மருந்து அடித்தவர். எண்பதுகளில், எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. கைலிக்கு மேலே பழைய சட்டை, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அதுதான் பாதுகாப்பு. சாயங்காலம் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "டேய், ஊசிப்போச்சான்னு மோந்து பாரு" என்பார். மோந்து சொன்னால் ஒரு பிஸ்கட். ஒருநாள் பிஸ்கட் இல்லை என்றார். அந்தக் கோபத்தில், கெட்டுப்போன மீன் குழம்பை "நல்லாத்தான் இருக்கு" என்றேன். பெரியப்பா இரண்டு நாள் கக்கூசிலேயே இருந்தார். பெரியம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் என் தங்கையிடம் சட்டியை நீட்டினார், அப்புறம் மறுபடி என்னிடமே வந்தார்.

மருந்தால்தான் பெரியம்மாவுக்கு வாசனை தெரியாமல் போனது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல் இருக்கிறதே, 'மருந்து', அதன் மேல் எனக்குத் தீராத கோபம். குடித்தால் மாற்று மருந்தே இல்லாத ஒன்றுக்கு நாம் வைத்த பெயர் மருந்து! கங்காணி மருந்து என்றார், கிராணி மருந்து என்று கணக்கு எழுதினார், வீட்டிலும் மருந்து. விஷம் என்று சொல்லியிருந்தால் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருப்பார்களோ என்னவோ. தெரியாமல் யாரும் குடித்துவிடக்கூடாது என்று அதில் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள், நீலச் சாயமும் வாந்தி வரவைக்கும் பொருளும் வேறு. பெரியம்மா ஒருநாள் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "இப்பல்லாம் மருந்து நாறுறதே இல்ல. நல்ல மருந்தா வருது போல." பக்கத்தில் நின்ற எனக்கு அவர் சட்டையிலிருந்து அந்த நாற்றம் குடலைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கு நகம் கழன்றதற்கு, தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரசர் களிம்பு கொடுத்தார், கண் எரிச்சலுக்குச் சொட்டு விட்டார். மூக்கைப் பற்றி டிரசரும் கேட்கவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை. மலேசியாவில் பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் அதைத் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை. பெரியம்மா அதற்குள் போய்விட்டார்.

அறிவியல் எவ்வளவு என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம். எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தில் பாட்டி சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. கடைசியாக எந்த வாசனை தெரிந்தது என்று கேட்டீர்களா? இந்த சனிக்கிழமை போங்கள். நோட்டுப் புத்தகமும் போனும் வேண்டாம், அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக் கொடுங்கள். குழம்பை மோந்து பார்க்கச் சொன்னால் பார்த்து, உண்மையைச் சொல்லுங்கள்.