முறுக்கை எழுத்திலேயே சுற்றுங்கள்

கேள்வி: அம்மா சுற்றும் கைமுறுக்கை டப்பாவில் போட்டு விற்கிறோம். லேபிள் 5 அங்குல அகலம். பின்னணியில் ஆத்தங்குடிக் கல் டிசைன், ஓரத்தில் முறுக்குப் படம், நடுவில் ‘கைமுறுக்கு’ என்ற பெயர், கீழே விவரங்கள், எல்லாம் வெள்ளை எழுத்தில். அச்சாகி வந்தால் படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. சின்ன எழுத்தைப் படிக்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் ஆத்தங்குடிக் கல்லை நடுவிலிருந்து எடுங்கள். பூவும் கட்டமுமாக நிறைந்த டிசைன் மேல் எந்த எழுத்தும் எடுபடாது. தரையில் பார்டர் கல் பதிப்பதில்லையா, அதுபோல அரை அங்குலப் பட்டையாக அடியில் ஓடட்டும்.

முறுக்குப் படமும் தனியாக வேண்டாம். அது பெயருக்குள்ளேயே இருக்கிறது. ‘கை’யின் ஐகாரக் கொம்பைப் பாருங்கள், இரண்டு சுழி! முறுக்கின் புரி இழையை அதில் ஓட்டுங்கள். அதில் மட்டும். ஐந்து எழுத்தையும் முறுக்காக்கினால் பலகாரத் தட்டு தெரியும், பெயர் தெரியாது. ‘க்’ மேலுள்ள புள்ளியை எள்ளாக வரையலாம். ஆனால் எழுத்துக்கோட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அச்சில் மறைந்து ‘கைமுறுககு’ ஆகிவிடும்.

பெயரைத் தடித்த எழுத்துருவில் 8 அங்குல அகலத்துக்கு பிரின்ட் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து வரையுங்கள். புரிக்கோடுகள் 0.6 மி.மீ. இருக்கட்டும், பாதியாகச் சுருக்கும்போது 0.3 ஆகும். அதற்கும் மெலிந்தால் உடைந்துவிடும். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) துல்லியத்தில் ஸ்கேன் செய்து, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கோடு வரையும் பென் டூலால் கையாலேயே இழுங்கள். மென்பொருள் தானாகக் கோடு எடுக்கும் ஆட்டோ டிரேஸ் சுழிகளை மேடுபள்ளமாக்கும். வரைந்ததை 3 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ‘கைமுறுக்கு’ என்று சட்டென வாசிக்க வந்தால் போதும்.

சின்ன எழுத்து மங்கியதற்குக் காரணம் வேறு. பின்னணியில் நாலு மை. ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு. அதில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளை எழுத்துக்குள் மை ஏறிவிடும். ண, ஞ போன்றவற்றின் சுழி முதலில் அடைபடும். கண்டாங்கிச் சேலையின் மஞ்சளைப் பின்னணிக்கும் அரக்கைப் பெயருக்கும் எடுங்கள். எடை, தயாரித்த தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் எல்லாம் தனிக் கறுப்பு மையில், அலங்காரமில்லாத எழுத்துருவில் இருக்கட்டும். அங்கே இடம் நிரப்ப எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள். ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனி எழுத்தாக நிற்கக்கூடும்.

கடைசியில் எழுத்துகளை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவம்) ஆக்கி, சுற்றிலும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே கூடுதல் பின்னணி, விட்டு பிடிஎஃப் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித்தான் போகும். லேபிள் அச்சாகும் அதே தாளில் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) கேட்டு வாங்குங்கள். பளபளப்புத் தாளில் பார்த்த மஞ்சள், சாதாரணத் தாளில் மங்கிவிடும்.