1969 கமாரோவில் எல்எஸ் என்ஜின்: பழைய டிஎச்350 கியர்பாக்ஸை இணைக்க என்ன பாகங்கள் வேண்டும்?

இணைக்கலாம். டிஎச்350 என்பது ஷெவர்லேயின் பழைய வி8 என்ஜின்களோடு வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்; எல்எஸ் அதற்குப் பின் வந்த வி8 வகை. ஷெவர்லேயின் பழைய வி8-க்கும் எல்எஸ்ஸுக்கும் பின்பக்க போல்ட் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு போல்ட் துளை மட்டும் இருக்காது, அதனால் பாதகமில்லை.

சிக்கல் உள்ளே இருக்கிறது. பெரும்பாலான எல்எஸ்களில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனை சுமார் 10 மி.மீ. உள்வாங்கியிருக்கும். அதை ஈடுகட்ட ஒரு ஸ்பேசரும் (இடைவெளியை நிரப்பும் வளையம்) நீளமான போல்ட்களும் கட்டாயம் தேவை. ஸ்பேசர் இல்லாவிட்டால், என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டருக்கு கிராங்கின் நடுவில் தாங்கல் கிடைக்காது; கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் மெல்லிய தகடான ஃபிளெக்ஸ்பிளேட் விரிசல் விடும். 1999, 2000-இல் வந்த சில 6.0 லிட்டர் என்ஜின்களில் கிராங்க் நீளமானது. அவற்றுக்கு ஸ்பேசர் வேண்டாம். ஆகவே முதலில் அளந்து பாருங்கள்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது என்ஜின் பிளாக்கின் இரண்டு டோவல் பின்களும் (கியர்பாக்ஸை நேராகப் பொருத்தும் ஊசிகள்) இருக்கின்றனவா என்று கவனியுங்கள். கியர்பாக்ஸின் கேஸ் (வெளிக்கூடு) கையால் தள்ளினாலே பிளாக்கோடு ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுக்கவே கூடாது, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் பம்ப் உடைந்துவிடும். உட்கார்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுழல வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இருந்தால் சரி.

அப்புறம் மவுண்ட், அதாவது என்ஜினையும் கியர்பாக்ஸையும் காரில் தாங்கும் பிடிமானம். என்ஜினுக்கு ரப்பர் மவுண்ட் என்றால் கியர்பாக்ஸுக்கும் ரப்பரே போடுங்கள். பின்னால் மட்டும் இரும்பு மவுண்ட் போட்டால் என்ஜின் அசையும்போது கேஸ் விரிசல் விடும். மவுண்டின் எல்லா போல்ட்களையும் தளர்வாக மாட்டி, கடைசியில் இறுக்குங்கள். பின்னாளில் 4எல்60இ என்ற புதிய கியர்பாக்ஸுக்கு மாறினால், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருக்கும்.