பத்து லிட்டர் இயந்திரமும் அடகு நகையும்

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கொண்டு வீட்டிலேயே இயற்கை லிப்ஸ்டிக் தயாரித்து, தெரிந்தவர்களுக்கு மாதம் 40 வரை விற்கிறேன். ஒன்றுக்கு ரூ.140 மிஞ்சுகிறது. பயிற்சி வகுப்புக்கும் மூலப்பொருட்களுக்கும் வாங்கிய நகைக்கடன் ரூ.1,80,000 இருக்கிறது, ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கிறேன். இப்போது என் கணவரின் அண்ணன், தம் நண்பரிடம் உள்ள 10 லிட்டர் கலக்கும் இயந்திரத்தையும் தானியங்கி நிரப்பும் இயந்திரத்தையும் ரூ.3,50,000-க்கு வாங்கச் சொல்லி, மீதி நகையையும் அடகு வைக்க வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இயந்திரத்தின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. 10 லிட்டர் பாத்திரத்தில் ஒரு முறை 8 கிலோ காய்ச்சினால், ஒன்றுக்கு 4 கிராம் வீதம் 2,000 லிப்ஸ்டிக் வரும். உங்கள் விற்பனை வேகத்தில் அவற்றை விற்றுத் தீர்க்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதற்கு வெகு முன்பே எண்ணெய் சிக்குவாடை அடித்துவிடும்.

உண்மையான சேதம் மறு அடகில் இருக்கிறது. வட்டி 12 சதவீதம் என்று கொண்டால் இப்போதே மாதம் ரூ.1,800 போகிறது. புதிய கடனுக்கு ரூ.3,500 சேர்ந்தால் மொத்தம் ரூ.5,300. உங்கள் மாத லாபமோ ரூ.5,600. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், வீட்டு நகை முழுவதும் வட்டிக்கடையில் இருக்கும்.

மேலும், அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்பதற்கு, சிறிய அளவாக இருந்தாலும், 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் கட்டாயம். லிப்ஸ்டிக் தயாரிப்புக்கு அந்த விதிகள் பரிந்துரைக்கும் கருவிகளில் நிறமியை அரைக்கும் மூன்று உருளை ஆலையும் ஒன்று. கணவரின் அண்ணன் சொல்லும் தொகுப்பில் அது இல்லை. 'பயிற்சியோடு இயந்திரமும்' என்று விற்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். சொந்த ஆலை இல்லாமல், உரிமம் பெற்ற வேறொருவரின் கூடத்தில் உங்கள் பெயரில் தயாரிக்க 'லோன் லைசென்ஸ்' என்ற வழியும் உண்டு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரித்து, உரிமம் கிடைக்கும்வரை விற்பனையை நிறுத்தி வையுங்கள்.

அதுவரை வீட்டில் சோதனை செய்ய, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெப்பமானி, வெந்நீரில் வைத்து உருக்க இரண்டு ஸ்டீல் பாத்திரங்கள், 12 குழி அலுமினிய அச்சு ஆகியவை போதும். பாரிமுனைப் பக்கம் விசாரித்து வாங்கினால் ரூ.15,000-க்குள் முடிக்கலாம். அச்சைச் சற்றே சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் குச்சியின் மேல் வரிவரியாகக் கோடு விழும். பீட்ரூட் பொடி எண்ணெயில் கரையாமல் புள்ளிபுள்ளியாகத் தங்கும் என்பதால், அழகுசாதனத் தர இரும்பு ஆக்சைடு நிறமியை விளக்கெண்ணெய் விட்டு, விரலில் நறநறப்புத் தெரியாமல் போகும்வரை அரைத்துப் பாருங்கள்.

உரிமத்துக்குப் பிறகு வரும் லாபத்தில் மாதம் ரூ.3,000-ஐ அசலுக்கே கட்டி, பல அடகுகளாக இருந்தால் சிறியதை முதலில் மீட்டெடுங்கள். கணவரின் அண்ணனிடம் உங்கள் கணவரே பேசட்டும். அந்த இயந்திரத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், அவரே வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தரலாம்.