வாப்பா விட்டுப்போன மூன்று வாட்சுகள்: விற்பதா, வைப்பதா?

கேள்வி: எங்கள் வாப்பா மவுத்தாகி ஒரு வருடம் ஆகிறது. அவர்களுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது மூன்று வாட்சுகள் இருந்தன. ஒன்று ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி – சோவார் பிரைமா’. கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பாவின் வாப்பா கட்டியது. டயலில் பழுப்புப் பழுப்பாக இருக்கிறது. இரண்டாவது, வாப்பா சவூதியில் வாங்கிய சீக்கோ 5. சாவி சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏறவே இல்லை. மூன்றாவது எச்எம்டி ஜனதா. மூன்றையும் சேர்த்து 3,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறார். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) கொடுத்துவிடச் சொல்கிறார். டயலுக்குப் பெயிண்ட் அடித்து பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள் கடையில். என்ன செய்யலாம்?
– வாசகி, கீழக்கரை

பதில்: பெயிண்டும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம் சகோதரி. இன்னொன்றும் வேண்டாம்: சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். பழைய வாட்ச் கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்வது அதைத்தான். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். கூடவே துருப்பொடி இருந்தால், ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் சக்கரங்களின் மெல்லிய முனைகள் அரத்தில் தேய்த்த மாதிரி தேயும். பத்து நிமிடம் டிக் டிக் என்று ஓடிக் காட்டிவிட்டு நின்ற வாட்சுகள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன.

துருவைச் சும்மா சொல்லவில்லை. பரமக்குடி, கமுதிப் பக்கத்து வாட்சைத் திறந்தால் தூசி இருக்கும். கீழக்கரை, பாம்பன், தேவிபட்டினம் வாட்சைத் திறந்தால் துரு இருக்கும். கடற்காற்று உள்ளே போகிற வழி சாவித்துளைதான். முதலில் சாவியின் தண்டு துருப்பிடிக்கும், பிறகு அந்தப் பொடி உள்ளே உதிரும். அதிலும் இரும்பு டிரங்குப் பெட்டி, ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே விடாது. இன்றைக்கே மூன்றையும் வெளியே எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மருந்து பாட்டிலிலும் ஷூ பெட்டியிலும் வருகிற அதே பொட்டலம்தான். அரிசிப் பானையில் போட்டு வைக்காதீர்கள், அந்த மாவு சந்து பொந்தெல்லாம் ஏறிவிடும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

சோவார் பிரைமாவை வைத்துத்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். வெஸ்ட் எண்ட் என்பது ஸ்விஸ் தயாரிப்பு. இந்தியச் சந்தைக்கென்றே 1886இல் பதிவான பெயர். சோவார் என்றால் குதிரைப்படை வீரர். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் நிறையப் பேர் கட்டியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோவதற்கு முன்னால், தலைமன்னார் கப்பலில் கொழும்புக்குப் போய்வந்த கைகளில் இதுவும் இருந்திருக்கும். கொழும்புக் கடை ரசீதோ, அந்த வாட்ச் கட்டிய கையோடு எடுத்த போட்டோவோ பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வாங்குகிறவர் அதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பார்.

டயலின் பழுப்பை உற்றுப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்தாற்போல் இருந்தால் அது ஈரம். எண்களை ஒட்டியோ, முள் நிழல் விழுந்தாற்போல் முள்ளின் வடிவத்திலோ இருந்தால் அது ரேடியம். இருட்டில் மினுங்குவதற்காக 1960கள் வரை வாட்சுகளில் கதிர்வீச்சுள்ள ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். முள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றால் கீழே டயலைப் பொசுக்கிவிடும். ‘இப்போதுதான் மினுங்கவில்லையே’ என்று நினைக்காதீர்கள். களைத்துப்போனது கூடவே கலந்த துத்தநாகப் பூச்சு; ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். மூடியிருக்கும்வரை பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் தலைமாட்டில் வைக்க வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், வீட்டில் திறக்கவே வேண்டாம். ஆபத்து அந்தப் பொடியை மூச்சில் இழுப்பதில்தான் இருக்கிறது. டயலைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம் என்று சொல்கிற கடைக்காரரிடம் இதையும் சொல்லுங்கள், அவருக்கும் நல்லது. டயல் முகப்பின் கீழ் ஓரத்தில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால், அது ரேடியத்துக்குப் பின்னால் வந்த டிரிடியம் பூச்சு; அதன் கதிர்வீச்சு பெரும்பகுதி ஏற்கெனவே அடங்கியிருக்கும்.

பெயிண்ட் அடித்த டயலுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பில்லை. தழும்போடு இருக்கிற அசல் டயலுக்குத்தான் விலை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய டயலைப் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்று கழுவி, எழுத்தையே கழுவிவிட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அசல்தானா என்று எப்படித் தெரியும்? மூன்று இடத்தில் பெயர் பாருங்கள்: டயல், பின்மூடியின் உட்பக்கம், உள்ளே மெஷின். மூன்றும் ஒத்துப்போனால் நல்லது. டயல் மட்டும் புத்தம் புதுசாக, எழுத்து கொஞ்சம் தடித்துக் கோணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பின்மூடியை அனுபவமுள்ள ஒருவரிடம், உங்கள் கண் முன்னால், சரியான கருவி போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். உட்பக்கத்தில் ஊசியால் கீறிய எண்களும் கையெழுத்தும் இருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். எப்போது சர்வீஸ் செய்தோம் என்று எங்களைப் போன்றவர்கள் போட்டு வைக்கிற கணக்கு அது. திறந்திருக்கும்போதே மெஷினைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சீக்கோ கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்தக் காலத்துச் சீக்கோ 5க்குச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கை அசைவில் தானாக ஏறுகிற ஆட்டோமேட்டிக். அதனால்தான் சாவி சும்மா சுற்றுகிறது. பின்மூடியில் நான்கு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், 6119, 7009 என்பதுபோல. அதுதான் மெஷினின் வகை. தனியாக இன்னொரு வரிசை எண் இருக்கும்: அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது இலக்கம் மாதம். 7009 மெஷினில் வரிசை எண் 83 என்று ஆரம்பித்தால் 1978 மார்ச், அல்லது 1988 மார்ச். வாப்பா சவூதிக்குப் போன வருடத்தோடு பொருத்திப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். கிழமை வட்டத்தில் ஆங்கிலத்தோடு அரபியும் இருக்கிறதா பாருங்கள். வளைகுடாவில் விற்றவற்றில் அப்படித்தான் வரும். சர்வீஸில் அந்த வட்டத்தை மாற்றிவிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

இதன் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இந்நேரம் தார்போல் உருகியிருக்கும், அதை மாற்றியே ஆக வேண்டும். மற்றபடி உதிரிபாகம் கிடைக்கிற மெஷின்தான். சர்வீஸ் செய்து யாராவது கட்டிக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கியபின், இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை நான்குவரை தேதியை மாற்றாதீர்கள், உள்ளே சக்கரத்தின் பல் உடையும். கடலில் இறங்கும்போது கழற்றிவிடுங்கள். மூடியில் என்ன எழுதியிருந்தாலும் இந்த வயதில் அதை நம்ப முடியாது.

ஜனதா. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் எளிய மாடல். 2016இல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட அரசு முடிவெடுத்த பிறகு ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் ஏராளமாகச் செய்ததால், புது டயல் போட்ட ஜனதாக்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. சாதாரண ஜனதாவுக்கு விற்கிற காசும் சர்வீஸ் கூலியும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். தினமும் காலையில் சாவி கொடுக்கிற பொறுமையுள்ள யாராவது வீட்டில் இருந்தால் அவருக்குக் கொடுங்கள். கண்ணாடி பிளாஸ்டிக்தான், கீறலைப் பற்பசை தேய்த்தே போக்கிவிடலாம். சீக்கோ கண்ணாடியில் அந்த வேலை செல்லாது.

எந்தக் கடையில் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “மெஷினை முழுக்கப் பிரித்து எண்ணெய் போடுவீர்களா, பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுப்பீர்களா?” இரண்டாவது பதில் வந்தால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றுகிற பழைய பாகம் எதுவானாலும் பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள்.

விற்பதானாலும் நீங்களும் காக்காவும் மட்டும் முடிவெடுக்க முடியாது. உம்மா இருந்தால் அவர்களுக்கும் இதில் பங்குண்டு. வாட்சை வெட்டிப் பங்கு வைக்க முடியாது என்பதால், மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்புப் போட்டு, வைத்துக்கொள்கிறவர் மற்றவர்களின் பங்குக்குப் பணம் கொடுப்பதே நடைமுறை. கணக்கை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 3,000 ரூபாய்க்காரர் திரும்ப வந்தால், சீக்கோவும் ஜனதாவும் மட்டும் தருகிறோம், எவ்வளவு என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். சோவார் இல்லாவிட்டால் வேண்டாம் என்று அவர் சொன்னால், அவர் எதற்காக வந்தார் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.