பதில்: ஈரி ஏரி மீன் வாழிடக் கணிப்பு மாதிரி ஆகஸ்டில் மட்டும் ஏன் தவறுகிறது?

ஆழம், மேற்பரப்பு வெப்பநிலை, அடிமண் வகை மூன்றையும் வைத்து வட அமெரிக்காவின் ஈரி ஏரியின் நடுப்படுகைக்கு, மஞ்சள் பெர்ச் மீன் எங்கே இருக்கும் என்று கணிக்கும் வாழிட மாதிரி செய்ததாகவும், ஜூனில் சரியாக வருவது ஆகஸ்டில் பொய்த்துப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அடிநீர் ஆக்சிஜனைச் சேருங்கள். கோடையில் நீர் அடுக்கடுக்காகப் பிரியும்போது நடுப்படுகையின் குளிர்ந்த அடியடுக்கு மிகவும் மெல்லியதாக இருக்கும். மேலிருந்து ஆக்சிஜன் இறங்க வழியில்லை. கீழே அழுகும் பாசி இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெர்ச் அங்கே தங்காது. மேலே ஏறும், அல்லது ஆக்சிஜன் குறைந்த அந்த வட்டாரத்தின் விளிம்புக்கு ஒதுங்கும். செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலையில் இது எதுவுமே தெரியாது.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. விளிம்பில் மீன் நெருக்கமாகக் கூடுவதால் அங்கே வலையில் நிறைய விழும். அதை வைத்து ஏரியில் மீன் இருப்பு பெருகிவிட்டது என்று எண்ணி மீன்பிடி ஒதுக்கீட்டை உயர்த்தினால் ஆபத்து. பிடிபடும் வாய்ப்பையும் வாழிடத் தகுதியையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள்.

அப்புறம், மாதிரியைச் சோதிக்கும்போது தரவைக் கண்டபடி கலைத்து, ஒரு பங்கைப் பயிற்சிக்கும் மறுபங்கைச் சோதனைக்கும் பிரிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோலவே இருப்பதால் மாதிரி உண்மையில் இருப்பதைவிட நன்றாகக் கணிப்பதுபோலத் தெரியும். ஒரு முழு ஆண்டையோ ஒரு முழுப் பகுதியையோ ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். அடிநீர் அளவீடுகள் கைவசம் இருக்கின்றனவா? எந்த மாதங்களுக்கு என்று சொன்னால் அடுத்ததைப் பார்க்கலாம்.